கப்பல் பட்டியலின் இரண்டாம் பக்கம்

ஜனவரி 9

மோட்டார் மறுபடியும் மூச்சை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன்.

முதல்வர் அறையில் ஒரு மணி நேரம். ‘வேர்வழி’ திட்டத்தின் தொடக்க விழா பதினெட்டாம் தேதி என்று உறுதியாகிவிட்டது. நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் காரைக்காலில் கப்பலேறி, ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன முத்துக்கருப்பன் என்பவரின் வாரிசு வருகிறார். பெயர் ரெனே முத்துக்கார்ப்பேன், வயது எழுபது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை அவருடைய பூர்வீக ஊரான ஆவிரங்குடிக்குக் கூட்டிப் போகிறோம். பழைய கப்பல் பட்டியலிலிருந்து அந்த ஊரைத் தேடிப் பிடித்தது அடியேன்.

“பாத்தீங்களா சுடர்க்கொடி, ஆராய்ச்சின்னா லைப்ரரியில ஒக்காந்து தூசி தட்டறதில்ல. ஜனங்ககிட்ட போகணும், கடல் தாண்டிப் போகணும். அதுவும் காலேஜுக்குத் தரம் போட நாக் கமிட்டி வர்ற நேரத்துல இது நமக்கு லட்டு மாதிரி” என்றார் முதல்வர்.

பதினாலு வருஷமாக வரலாறு நடத்துகிறேன். வகுப்புக்கு வெளியே ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் “என்ன சப்ஜெக்ட்டு?” என்பார்கள், சொன்னதும் பாயசத்தின் பக்கம் திரும்பிவிடுவார்கள். என் படிப்பால் ஒரு மனிதருக்கு உபயோகம் என்பது இதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைப்பானேன்.

மாலையில் கிளேரிடமிருந்து மின்னஞ்சல். அந்தத் தீவுப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு என்னோடு இந்த வேலையைச் செய்கிறவள் அவள். பட்டியலின் இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் படம் எடுக்க முடிந்ததாம். முதல் பக்கத்திலேயே முத்துக்கருப்பன் கிடைத்துவிட்டார், இது ஒரு முழுமைக்காகத்தான். பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைத்தேன். படிக்க நேரமில்லை.

பிளம்பர் வரவில்லை.

ஜனவரி 12

ஆவிரங்குடி போய் வந்தேன். விழா ஏற்பாட்டுக்காக.

சிங்காரவேல் என்பவர்தான் அங்கே பாவாடைராயன் கோயில் பங்காளிகளுக்கெல்லாம் முன்னவர். இரண்டு மா நிலம், ஒரு பழைய டிராக்டர், எதையும் யோசித்துப் பேசும் வாய். மனைவி அஞ்சம்மாளுக்கு யோசனையெல்லாம் கிடையாது, நேராக வரும். மகள் தையல்நாயகி இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் ‘தையல்’.

“எங்க பாட்டனுக்குப் பாட்டன்கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தரு கப்பலேறிப் போயி, போனவரு போனவருதான்னு சொல்லுவாங்க. அவரு பேரு முத்துக்கருப்பன்தாங்க” என்றார் சிங்காரவேல்.

பட்டியலில் 212-ஆம் எண், முத்துக்கருப்பன், தகப்பன் வீரன், ஊர் ஆவிரங்குடி. வாய்வழிக் கதையும் ஆவணமும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இன்னொன்றும் சொன்னார். பொங்கல் கழிந்து பாவாடைராயனுக்குப் படைக்கும்போது, செத்துப்போன முன்னோருக்கு வரிசையாக இலை போடுவார்களாம், பதினோரு இலை. முத்துக்கருப்பனுக்கு மட்டும் கிடையாது.

“ஏன்?” என்றேன்.

“சேதி வரலியே டீச்சர்” என்று உள்ளேயிருந்து அஞ்சம்மாள் சொன்னார். “உசுரோட இருக்கறவங்களுக்குப் படைக்கலாமா? அவங்களுக்கு ஆகாதுல்ல?”

நூற்று அறுபது வருஷமாக ஒருவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நான் சிரித்திருக்க வேண்டும், வழக்கமாக இந்த மாதிரி விஷயத்துக்குச் சிரிப்பேன். சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 18

கால் வலி. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ரெனே காரிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டார். ஒருவரும் சொல்லவில்லை. ஒல்லி, கறுப்பு, கணுக்காலில் தழும்பு. அவர் ஊரில் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவராம். பிரெஞ்சும், தீவுப் பேச்சான கிரியோலும் பேசுகிறார். தமிழில் தெரிந்ததெல்லாம் ‘சாமி’, ‘கோவிந்தா’, ‘தண்ணி’. சிங்காரவேலைக் கட்டிக்கொண்டு அழுதார். சிங்காரவேல் அழவில்லை, ஆனால் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

பூசாரி மருதையன் அவர் நெற்றியில் விபூதி இட்டு, கையில் மஞ்சள் கயிறு கட்டினார். பங்காளிகளின் பெயரெழுதும் நீள நோட்டில் சிங்காரவேலின் பெயருக்கு மேல் ரெனேயின் பெயரை எழுதினார்கள், மூத்த கிளை என்பதால். முதல்வர் போட்டோவுக்கு நின்றார்.

எனக்கு மைக். இருபது நிமிஷம். “ஒரு ஆவணத்தை நம்புறதுக்கு முன்னால அதோட ஓரத்தைப் பாருங்க. நடுவுல இருக்கறதை ஆளுங்க யோசிச்சு எழுதுவாங்க. ஓரத்துல விழுற முத்திரை, தேதி, கறை, இதையெல்லாம் யாரும் யோசிக்கறதில்ல. உண்மை அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்” என்றேன். கைதட்டினார்கள். ரெனேவுக்கு நானே பிரெஞ்சில் சொன்னதும் அவரும் தட்டினார்.

கீழே இறங்கியதும் தையல் வந்தாள். “சூப்பரா சொன்னீங்க மேடம். எங்க சென்டர்லயும் அதேதான். போலிச் சான்றிதழ் எல்லாம் ஓரத்துலதான் மாட்டும்.”

பிறகு படையல். இலைகளை எண்ணினேன், பதினொன்று. கப்பலேறியவருக்கு இலை இல்லை. அதற்குப் பதிலாக அவர் பேரப்பிள்ளையே வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று மருதையன் சொன்னதும் பெண்கள் குலவையிட்டார்கள்.

கிளம்பும்போது ரெனே கோயில் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணை அள்ளி நிரப்பிக்கொண்டார். மூடியை மூன்று தடவை இறுக்கினார்.

நான் சாப்பிடவில்லை. வெயில்.

ஜனவரி 19

கோப்பை மேசையிலிருந்து கீழ் இழுப்பறைக்கு மாற்றினேன். மேசையில் இடமில்லை.

பிப்ரவரி 4

விடைத்தாள் நாற்பது திருத்தினேன். மோட்டாருக்குக் காயில் மாற்றினார்கள், ஒரு நாள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெனே தையலுக்கு வீடியோ கால் போடுகிறாராம். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தன் வீட்டு முருங்கை மரத்தை அவர் காட்டுவார், இவள் தன் வீட்டு முருங்கையைக் காட்டுவாள். அரை மணி நேரம் ஓடிவிடுமாம். இன்று இடையில் என்னையும் சேர்த்தார்கள், மொழிபெயர்க்க. தையலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மார்ச் 10. மாப்பிள்ளை குணசீலன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மார்ச் 13 திரும்பிப் போக வேண்டும்.

பத்திரிகையை போனில் காட்டினாள். பங்காளிகள் பட்டியலில் முதல் பெயர்: பெரியப்பா ரெனே முத்துக்கருப்பன், ரீயூனியன்.

அச்சாகிவிட்டது. அச்சானதை என்ன செய்ய முடியும்?

ரெனே கல்யாணத்துக்கு வர டாக்டர் விடவில்லையாம். நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

பிப்ரவரி 27

ரெனே இறந்துவிட்டார். காலையில் முருங்கை மரத்தடியில் விழுந்து கிடந்தாராம்.

அவர் மகன் பாஸ்கல் எனக்குத்தான் எழுதியிருந்தான், ஊருக்குச் சொல்லச் சொல்லி. நாளை அடக்கம். ‘அப்பாவின் விருப்பப்படி ஆவிரங்குடி மண்ணை அவர் நெஞ்சில் பரப்பிப் புதைக்கப் போகிறோம். பாட்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உங்களால்தான் அவர் சொந்த மண்ணோடு போகிறார்.’

அந்தக் கடைசி வரியை இரண்டாம் தடவை படிக்கவில்லை.

சிங்காரவேலுக்கு போன் செய்தேன். “எத்தன மணிக்குங்க போச்சு உசுரு?” என்று கேட்டார். எழுதி வைத்துக்கொள்வதற்காம்.

பிப்ரவரி 28

எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

காலையில் சிங்காரவேல் பேசினார். “மேடம், கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டோம். பங்காளித் தீட்டு. மூத்த தலக்கட்டு வேற. பதினாறு கழிஞ்சு கருமாதி முடிஞ்சாத்தான் பந்தக்கால் நட முடியும்.”

பதினாறாம் நாள் மார்ச் 13. அன்றைக்கு மாப்பிள்ளை விமானத்தில் இருப்பார். மறுநாள் பங்குனி பிறக்கிறது, அவர்கள் பக்கத்தில் பங்குனியில் கல்யாணம் கிடையாது. அடுத்த விடுப்பு இரண்டு வருஷம் கழித்து.

“மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றாங்க?”

“மாப்பிள்ளையோட அம்மாவுக்கு முன்னாடியே அவ்வளவா பிடித்தமில்ல. இப்ப, நாள் குறிச்சதும் சாவு விழுந்த வூடுன்னு பேசறாங்களாம். பையன் தங்கம். என்ன பண்றது, அண்ணன் செத்தா தீட்டுக் காக்காம இருக்க முடியுமா?”

அண்ணன் என்றார். ஒரே ஒரு தடவை பார்த்த மனிதரை.

மார்ச் 1

இழுப்பறையைத் திறந்து இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். அதில் உள்ளதை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதினால் கொஞ்சம் தெளியும்.

அந்தக் கப்பலில் முத்துக்கருப்பன் என்று இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். 212-ஆம் எண் ஆவிரங்குடிக்காரர், முதல் பக்கத்தில் இருக்கிறார். 267-ஆம் எண் கருக்கமங்கலத்துக்காரர், இரண்டாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தின் அடியில், வழியில் இறந்தவர்களின் பெயர்கள், மொத்தம் ஒன்பது. ஐந்தாவதாக: 212, முத்துக்கருப்பன், பத்தொன்பதாம் நாள், காய்ச்சல், உடல் கடலில் இடப்பட்டது.

தீவில் இறங்கியது 267. ரெனே கருக்கமங்கலத்துப் பிள்ளை. இங்கிருந்து முப்பது கிலோமீட்டர். அங்கும் ஒரு பாவாடைராயன் கோயில் உண்டு, இந்தப் பக்கம் எந்த ஊரில்தான் இல்லை.

அப்படியென்றால் ஆவிரங்குடியில் ஒருவருக்கும் தீட்டு இல்லை. நான் ஒரு தடவை வாய் திறந்தால் பத்தாம் தேதி கல்யாணம் நடக்கும்.

வாயைத் திறந்தால் மற்றதும் வரும். வேறு யாருடைய மண்ணோடோ புதைந்த மனிதர். நோட்டில் எழுதிய பெயர். மைக்கில் நான் பேசிய இருபது நிமிஷம்.

மார்ச் 2

முதல்வரிடம் போனேன். ‘ஒருவேளை’ என்று ஆரம்பித்தேன். “ஒருவேளை நம்ம அடையாளம் தப்பா இருந்தா சார்?”

அவர் முட்டாள் இல்லை. பேனாவைக் கீழே வைத்தார். “ஒருவேளையா, நிச்சயமாவா?”

“...ஒருவேளை.”

“அப்ப ஆராய்ச்சியில ரெண்டு கருத்து இருக்கத்தாம்மா செய்யும். கமிட்டி பதினஞ்சாம் தேதி வருது. இருபதுக்கு மேல ஒரு கட்டுரையா எழுதுங்க, நானே முன்னுரை தர்றேன்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிச்சயம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் விருப்பமில்லாமல்தானே ஒருவேளை என்றேன்.

மார்ச் 3

தையல் போன் செய்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. பெரியப்பாவின் முருங்கை மரத்தைக் காட்டச் சொல்லி பாஸ்கலிடம் கேட்க முடியுமா என்றாள். கடைசி கால் போன ஞாயிறு, அவர் சரியாகப் பேசவில்லையாம், மூச்சு வாங்கியதாம், அவள் மையத்தில் கூட்டம் என்று சீக்கிரம் வைத்துவிட்டாளாம்.

“அது எனக்கு உறுத்துது மேடம்” என்றாள்.

உறுத்துகிறதாம், அவளுக்கு.

“கல்யாணம்?” என்றேன்.

“அவங்க அம்மா வேற எடம் பாக்கறாங்கன்னு கேள்வி. குணா ‘நான் இருக்கேன்’ங்கறாரு. சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ரெண்டு வருஷம் எப்புடி இருப்பாரு? மண்டபம் இன்னும் வேற யாருக்கும் போகல. அவ்வளவுதான் மேடம்.”

என்னமோ ஆறுதல் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 4

மோட்டார் நின்றுவிட்டது. பிளம்பரிடம் சொல்லவில்லை.

மார்ச் 5

இன்று போவதாக இருந்தேன். பஸ் நிறுத்தம் வரை போனேன். ஆவிரங்குடி பஸ் வந்தது, கூட்டமாக இருந்ததால் ஏறவில்லை. அவ்வளவு கூட்டமும் இல்லை.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். அடித்தட்டில் ஜனவரி மாதத்து இஞ்சி.

மார்ச் 6

போனேன். எட்டு மணி பஸ்.

அஞ்சம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க டீச்சர், காப்பி சாப்புடுங்க” என்றார். காபி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன், குடித்துவிட்டால் சொல்ல முடியாது. இரண்டு முத்துக்கருப்பன்கள். ரெனே உங்கள் ஆள் இல்லை. தீட்டு இல்லை.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “அன்னைக்கு மைக்குல சொன்னீங்க. இன்னைக்கு மைக்கு இல்லாம சொல்றீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். “இங்க வாசல்ல என்கிட்ட சொன்னா பத்தாது. கோயில்ல சொல்லுங்க, எல்லாரும் கேட்டாங்கல்ல.”

அரை மணியில் கோயில் முன்னால் முப்பது பேர். சிங்காரவேல் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். இ-சேவை மையத்தைப் பூட்டிவிட்டுத் தையல் வந்தாள். நான் பிரிண்டை எடுத்துப் படித்தேன். பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இத்தனை வருஷத்தில் ஒரு ஆவணத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. பாடம் நடத்தும் குரலில்தான் தொடங்கினேன், ‘உடல் கடலில் இடப்பட்டது’ என்ற இடத்தில் அந்தக் குரல் போய்விட்டது.

சிங்காரவேலின் தம்பி முறை ஒருவர், “காலேஜ்லேந்து வந்து ஆமான்னாலும் கேட்டுக்கணும், இல்லன்னாலும் கேட்டுக்கணுமா? ஆளு செத்துட்டாரு, பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சு, இப்ப வந்து கணக்குத் தப்புங்கறீங்க. இது என்ன வெளையாட்டா?” என்று எழுந்தார்.

சரியான கேள்வி. இன்னும் நாலு பேர் அப்படி எழுந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சிங்காரவேல் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப எங்க ஆளு போய்ச் சேரவே இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“பத்தொம்பது நாளுதான் இருந்தாரா?”

“ஆமாங்க.”

“கொள்ளி?”

“கப்பலில் கிடையாதுங்க. துணியில் சுற்றி...”

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “நூத்தி அறுவது வருசம். எல போடல நாம. ஒரு பருக்கை வெக்கல” என்று சொல்லி அழ ஆரம்பித்தார். ரெனே இறந்த சேதிக்குக்கூட அவர் இப்படி அழவில்லை என்று பிறகு தையல் சொன்னாள்.

“தேதி இருக்கா?” என்று கேட்டார் மருதையன்.

கப்பல் புறப்பட்ட நாளோடு கூட்டிச் சொன்னேன். 1862, செப்டம்பர் 2. அவர் விரலை மடக்கி, “ஆவணி மத்தி” என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “சேதி வருசம் தாண்டி வந்துச்சுன்னா பதினாறு கெடையாது. கேட்ட எடத்துலேந்து நேராப் போயி ஒரு முழுக்கு. அதோட தீட்டுப் போச்சு. எழுந்திரிங்க.”

முப்பது பேரும் கட்டிய துணியோடு குளத்தில் இறங்கினார்கள். நான் கரையில் நின்றேன். எனக்கு அங்கே முழுக உரிமை இல்லை. தையல் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாள். மற்றவர்கள் கரையேறும்போது அவள் மட்டும் திரும்பிப் போய் இன்னொன்று முழுகினாள். அம்மா ஏன் என்றதற்கு, “அது பெரியப்பாவுக்கு” என்றாள்.

நோட்டைக் கொண்டுவந்தார்கள். ரெனேயின் பெயரை அடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். “அடிக்கறதுன்னா அவரு புள்ளகிட்ட சொல்லிட்டு அடிக்கணும்” என்றார் சிங்காரவேல். “மேடம், நீங்க எழுதுங்க அந்தத் தம்பிக்கு. எழுதிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இருக்கட்டும்.”

மத்தியானம் பாவாடைராயன் முன்னால் பன்னிரண்டாவது இலை போட்டார்கள். சோறு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கடலில் போனவருக்குக் கருவாடு வைக்கலாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. பசியோடு போனவருக்கு எதுவும் வைக்கலாம் என்று அஞ்சம்மாள் முடித்துவைத்தார்.

அப்போதுதான் சிங்காரவேல் கேட்டார். ஈரத் தலையோடு, சாதாரணமாக: “இது எப்பத் தெரிஞ்சுது மேடம் ஒங்களுக்கு?”

“போன வாரம்” என்றேன்.

“தெரிஞ்சதும் ஓடியாந்துட்டீங்க. வேற யாராச்சும்னா மறைச்சிருப்பாங்க” என்றார்.

தையல் அந்த பிரிண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும், தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கொடுத்துவிட்டேன். பிறகு என்னையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் இறங்கியது, அதுதான் வெட்கக்கேடு.

மார்ச் 8

குணசீலன் நேரே வந்து பேசிவிட்டாராம். பந்தக்கால் நட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் தூக்கி வைத்துக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டாராம்.

முதல்வரிடம் ‘ஒருவேளை’யை எடுத்துவிட்டு முழுதாகச் சொன்னேன். “கமிட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார். திட்டவில்லை. இந்த வாரம் யாருமே என்னைத் திட்டுவதாக இல்லை.

பாஸ்கலுக்குக் கடிதம் தொடங்கினேன். மூன்று தடவை. மூன்றிலும் ‘அண்மையில் கிடைத்த ஒரு ஆவணத்தின்படி’ என்று வந்தது. கிழித்தேன்.

மார்ச் 10

கல்யாணம் நடந்தது. ஆறரை மணி முகூர்த்தம். தாலி ஏறும்போது தையல் குனிந்திருந்தாள், நிமிர்ந்ததும் முதலில் அப்பாவைப் பார்த்தாள், அவர் மேளக்காரரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்டப வாசலில் பத்திரிகையின் பெரிய பிளக்ஸ். பெரியப்பா ரெனே முத்துக்கருப்பன், ரீயூனியன். அப்படியே விட்டிருந்தார்கள்.

கிளம்பும்போது மேடைக்குப் போனேன். தையல் தாம்பூலப் பையைத் தானே எடுத்துக் கொடுத்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டேன்: “அந்தப் பிரிண்டு?”

“நோட்டுல ஒட்டியாச்சு மேடம். அப்பாதான் பசை தடவுனாரு.” கொஞ்சம் குனிந்து, போட்டோக்காரருக்குக் கேட்காமல் சொன்னாள்: “கீழ ஓரம் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பாகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன்.”

அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இ-சேவை மையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாருடைய விண்ணப்பத்தையோ திருப்பித் தருகிற முகம்.

“நீங்கதான மேடம் சொன்னீங்க, ஓரத்தைப் பாக்கச் சொல்லி” என்றாள். அடுத்த ஆள் பரிசோடு வந்துவிட்டார்.

பையை பஸ்ஸில் பிரிக்கவில்லை. வீட்டில் பிரித்தேன். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சாக்லேட். வெற்றிலை மடிப்புக்குள் விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு, கத்தரிக்கோலால் நேராக வெட்டியது. பிரிண்டர் தானாகப் போட்டுவிடும் அந்த அடி வரி. எடுத்த தேதியும் நேரமும்: 09/01, 16:52.

மார்ச் 11

விடுப்பு எடுத்திருக்கிறேன். பிளம்பர் வந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 9 மாலை நாலு ஐம்பத்திரண்டு. துறை அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். காகிதம் சூடாக வெளியே வந்தது. நின்றபடியே படித்தேன், கடைசி வரி வரை, இரண்டு தடவை. 212-ஐ விரலால் தொட்டுப் பார்த்தேன். பேனர் அச்சுக்குப் போயிருந்தது, முதல்வர் லட்டு என்றிருந்தார், ரெனே டிக்கெட் எடுத்திருந்தார், எனக்குப் பதினாலு வருஷத்தில் முதல் மேடை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், இருந்தால் எழுதியிருப்பேன்.

அன்று இரவு இந்த நோட்டில் வேறு விதமாக எழுதினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று இந்த நோட்டில் பொய் எழுதினேன்?

ரெனே எழுபது வயதில் முப்பது கிலோமீட்டர் தள்ளி இறங்கியிருந்தால் சரியான மண்ணை அள்ளியிருப்பார். அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. கருக்கமங்கலத்தில் யாராவது ஒரு இலையைப் போடாமல் வைத்திருக்கிறார்களா என்று போய்க் கேட்க வேண்டும். நாளை காலை பஸ் ஏழேகாலுக்கு.

பாஸ்கலுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ‘உங்கள் அப்பா இங்கே வருவதற்கு ஒன்பது நாள் முன்பே எனக்குத் தெரியும்’ என்பதுதான் முதல் வரி. சிங்காரவேலுக்கும் அதையே சொல்ல வேண்டும். தையல் எனக்காக அதை வெட்டினாளா, கல்யாணம் நிற்காமல் இருக்க வெட்டினாளா, அப்பா மனம் நோகாமல் இருக்க வெட்டினாளா, தெரியவில்லை. எதற்கானாலும், ஒரு பக்கத்தை மறைப்பது எப்படி என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பசை எடுத்துக்கொண்டு இந்த நோட்டை முன்னால் புரட்டினேன். ஜனவரி 9. ‘படிக்க நேரமில்லை’ என்று எழுதியிருக்கிற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அந்தத் துண்டை ஒட்டினேன்.